திரும்பி வரும் பாதை: ராக்கெட், பாட்டில், கோடு



இந்த வார எபிசோட்ல ராக்கெட் மறுபயன்பாடு பத்தி ஒரு மணி நேரம் பேசித் தீர்த்தோம். பேசி முடிச்ச பிறகும் ஒரு விஷயம் மனசுல அரிச்சுக்கிட்டே இருந்தது. மைக் முன்னாடி சொல்லக் கொஞ்சம் கூச்சமா இருந்ததால அதை இந்தக் கடிதத்துக்கு ஒதுக்கி வெச்சேன். வழக்கம்போல இதுவும் ஒரு பாடம் மாதிரிதான் இருக்கும், காபியோட உட்காருங்க. எபிசோட் கேட்காதவங்களும் படிக்கலாம். எல்லாத்தையும் முதல்ல இருந்தே சொல்றேன்.

ஒரு போன் கால்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நம்ம நேயர் ஒருத்தர் கூப்பிட்டார். வேறொரு நாட்டில் உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிற தம்பி.

"அண்ணா, நீங்க 2017-ல எழுதிப் பொதுவுல போட்ட அந்த மைக்ராஸ்கோப் கோடைத்தான் நான் ஒன்றரை வருஷமா ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

எனக்கு ஒரே பெருமை. நாம எழுதினது எங்கேயோ, யாருக்கோ உதவுதேன்னு. அடுத்து அவர் சொன்னதுதான் விஷயம்.

"செல்லுக்கு நடுவுல கறுப்பா ஒரு ஓட்டை வருது. சுத்திப் பளிச்சுனு ஒரு வளையம். அந்த வளையத்தை வெச்சுத்தான் மூணாவது அத்தியாயமே எழுதிக்கிட்டு இருக்கேன். ஆனா முதல் வருஷம் எடுத்த படங்கள்ல அது இல்லை. கோடுல ஏதாவது இருக்குமோன்னு ஒரு சந்தேகம், அதான் கேட்டுடலாம்னு..."

"அப்ப எத்தனை படத்தைக் கூட்டினீங்க, இப்ப எத்தனை தம்பி?"

"அப்ப எட்டு. இப்ப பதினாறு."

எனக்குக் கை சில்லிட்டுப் போச்சு. ஏன்னு கடைசியில சொல்றேன். அது புரியணும்னா மறுபயன்பாடுன்னா என்ன, அதுக்கு என்ன விலைங்கிறதை முதல்ல பார்த்துடணும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

மறுபயன்பாடு என்றாலே நல்லது, சிக்கனம் என்று நம் மனசுல பதிஞ்சு போச்சு. எப்பவும் அப்படி இல்லை. ஒரு பொருளை ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும்படி செய்ய 100 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பலமுறை தாங்கும்படி செய்ய வேண்டுமென்றால் கெட்டியாகச் செய்ய வேண்டும், அதற்கு 300 ரூபாய். பயன்படுத்திய பிறகு ஒவ்வொரு முறையும் அதைத் திரும்பக் கொண்டுவந்து, கழுவி, சோதித்துத் தயார்ப்படுத்த 20 ரூபாய்.

நாலு முறை பயன்படுத்தினால் தூக்கிப் போடுகிற வகைக்கு 400, மறுபடி பயன்படுத்தும் வகைக்கு 380. அதாவது நாலாவது முறையில்தான் லாபம் தொடங்குகிறது. மூணு முறையோடு நிறுத்தினால் நஷ்டம்.

தயார்ப்படுத்தும் செலவு 20 இல்லாமல் 90 ரூபாய் என்றால்? 30 முறை பயன்படுத்தினால்தான் ரெண்டும் சமமாகும். 110 ரூபாய் என்றால் ஆயிரம் முறை பயன்படுத்தினாலும் நஷ்டம்தான். பொருள் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் சரி.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது அந்த 20 ரூபாயை. ஒரு பொருள் ஒருமுறை வேலை முடித்து, அடுத்த வேலைக்குத் தயாராகி வந்து நிற்கும் வரை உள்ள பாதையின் விலை அது. "திரும்பி வரும் பாதை"ன்னு அதுக்குப் பேர் வெச்சுக்குவோம். இனி வரும் எல்லா உதாரணத்திலும் அதையே தேடுவோம்.

ராக்கெட்: ஒரே ஆசை, ரெண்டு கதை

மறுபயன்பாடு ஸ்பேஸ்எக்ஸ் கண்டுபிடிச்சதுன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. நாசாவின் ஸ்பேஸ் ஷட்டில் 1981-லேயே அதைச் செய்துவிட்டது. இறக்கை வைத்த விண்கலம் போகும், விமானம் போல ஓடுதளத்தில் வந்து இறங்கும், மறுபடி போகும். டிஸ்கவரி என்ற ஒரே விண்கலம் 39 முறை விண்வெளிக்குப் போய் வந்தது. ஆகவே "மறுபடி பயன்படுத்த முடியுமா?" என்ற கேள்விக்கு ஷட்டில் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டது.

சிக்கல் இறங்கிய பிறகு ஆரம்பித்தது. ஷட்டிலின் மேல் 20,000-க்கும் அதிகமான வெப்பத் தடுப்பு ஓடுகள். பெரும்பாலான ஓடுகளுக்குத் தனித்தனி வடிவம், அதது அதனதன் இடத்தில்தான் பொருந்தும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அவற்றை ஆட்கள் பரிசோதிக்க வேண்டும். முதன்மை இன்ஜின்கள் மூன்றையும் கழற்றிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் இருந்த திட எரிபொருள் ராக்கெட்டுகள் பாராசூட்டில் அட்லான்டிக் கடலில் விழும், கப்பல் போய் இழுத்து வரும். உப்புத் தண்ணீரில் நனைந்ததைப் பிரித்துச் சுத்தம் செய்து, ரயிலேற்றி யூட்டா மாநிலத்துக்கு அனுப்பி, மறுபடி எரிபொருள் நிரப்பி வரவழைக்க வேண்டும். நடுவில் இருந்த பெரிய எரிபொருள் தொட்டி ஒவ்வொரு முறையும் புதுசு.

ரெண்டே வாரத்தில் ஒரு விண்கலத்தை மறுபடி அனுப்பலாம் என்பது ஆரம்பக் கனவு. நடைமுறையில் எட்டிய மிகக் குறைந்த இடைவெளி 54 நாள், 1985-ல். ஒரே ஆண்டில் அதிகபட்சமாகப் பறந்தது 9 முறை, அதுவும் 1985-ல்தான். 30 ஆண்டுகளில் மொத்தம் 135 பயணம். நம்ம கணக்குப்படி சொன்னால், தயார்ப்படுத்தும் செலவு அந்த 20 ரூபாயில் நிற்காமல் 90-ஐத் தாண்டிப் போய்விட்டது. பயணங்களின் எண்ணிக்கையோ மேலே ஏறவே இல்லை.

இப்போ ஃபால்கன் 9. இதில் முழு ராக்கெட்டும் திரும்பி வருவதில்லை. ஒன்பது இன்ஜின் கொண்ட கீழ் அடுக்கு மட்டும் திரும்பி வந்து காலூன்றி இறங்கும். மேல் அடுக்கு இன்றைக்கும் ஒவ்வொரு முறையும் புதுசுதான். எதைத் திரும்பக் கொண்டுவருவது, எதை விட்டுவிடுவது என்று முதலிலேயே முடிவு செய்ததில்தான் பாதி வெற்றி. மேல் அடுக்கு சுற்றுப்பாதை வேகத்தில் போகிறது, அதைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவர வெப்பக் கவசமும் கூடுதல் எரிபொருளும் தேவை. அந்த எடை முழுக்கச் சரக்கின் கணக்கிலிருந்துதான் கழியும். கீழ் அடுக்கு அதைவிட மெதுவான வேகத்திலேயே பிரிந்துவிடுகிறது. விலை உயர்ந்த இன்ஜின்களில் பெரும்பகுதியும் அதில்தான் இருக்கிறது.

கீழ் அடுக்குக்கும் விலை உண்டு. இறங்குவதற்கான எரிபொருள், கால்கள், திசை திருப்பும் துடுப்புகள் எல்லாமே எடை. புவிநிலைச் சுற்றுப்பாதைக்கு மாற்றும் பாதையில், ராக்கெட்டை விட்டுவிடுவதானால் 8.3 டன் கொண்டு போகலாம், திரும்பக் கொண்டுவருவதானால் சுமார் 5.5 டன்தான். கொண்டு போகும் சரக்கில் மூன்றில் ஒரு பங்கு திரும்பி வருவதற்கான டிக்கெட்டுக்கே போய்விடுகிறது!

2015 டிசம்பரில் முதல் முறையாகக் கீழ் அடுக்கு தரையில் வந்து நின்றது. அன்னைக்கு உலகமே கைதட்டியது. ஆனா நம்ம பாடத்துக்கு முக்கியமான நாள் 2017 மார்ச் 30. ஏற்கெனவே ஒருமுறை பறந்து வந்த அடுக்கு மறுபடி பறந்தது அன்றுதான். இறங்கியதற்கும் மறுபடி பறந்ததற்கும் நடுவில் உள்ள வேலைதான் திரும்பி வரும் பாதை.

திரும்பி வந்த அடுக்குகள் பொறியாளர்களுக்குப் பாடமும் நடத்தின. ஆரம்பத்தில் துடுப்புகள் அலுமினியம். இறங்கும்போது சூட்டில் கருகி வந்தன. கையில் எடுத்துப் பார்த்தார்கள், டைட்டானியத்துக்கு மாற்றினார்கள். 2018-ல் வந்த பிளாக் 5 என்ற வடிவம் இப்படிச் சேர்ந்த பாடங்களின் தொகுப்புதான். இன்று ஒரே அடுக்கு 30 முறைக்கு மேல் பறந்திருக்கிறது. இடைவெளி 9 நாள் வரை குறைந்திருக்கிறது.

ஒரு சுவாரஸ்யம். இது எத்தனையாவது பறப்பில் லாபம் தரும்? போட்டி நிறுவனமான யுனைடெட் லாஞ்ச் அலையன்ஸின் அப்போதைய தலைவர் டோரி புருனோ 2020-ல் சொன்னது, சராசரியாக 10 பறப்பாவது வேண்டும் என்று. ஈலான் மஸ்க் சொன்னது, ரெண்டில் சமம், மூணில் லாபம் என்று. ரெண்டு பேருக்கும் இயற்பியல் ஒன்றுதான். திரும்பி வரும் பாதைக்கு என்ன விலை போடுகிறோம் என்பதில்தான் விடை மாறுகிறது.

பையும் பாட்டிலும்

இப்போ வானத்திலிருந்து சமையலறைக்கு வருவோம். நம்மில் எத்தனை பேர் வீட்டில் துணிப்பைக்குள் துணிப்பை, அதற்குள் இன்னொரு துணிப்பை? எங்க வீட்டுக் கதவுக்குப் பின்னாடி பதினாலு தொங்குது, நேத்துதான் எண்ணினேன்.

பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. புவி வெப்பமாதலை மட்டும் பார்த்தால், ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான் அது ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமமாகும். டென்மார்க் 2018-ல் செய்த ஆய்வில் அதே எண் 52. ஓசோன் படலம் உட்பட எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்தபோது 7,100 என்று வந்தது. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. பாடம் ஒன்றுதான்: பை கெட்டியாக இருந்தால் மட்டும் போதாது, கடைக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டும். கதவுக்குப் பின்னாடி தொங்குற பை ஒருமுறைப் பைதான்.

நான் இருக்கிற ஜெர்மனியில் இதற்கு ஒரு பழைய பதில் உண்டு. பாட்டில் வாங்கும்போதே முன்பணம் கட்ட வேண்டும், காலி பாட்டிலைக் கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் பணம் திரும்பும். வந்த புதிதில் எனக்கு ஒரு விஷயம் வேடிக்கையாக இருந்தது. கெட்டியான கண்ணாடி பீர் பாட்டிலுக்கு 8 சென்ட்தான் முன்பணம், நசுங்கிப் போகும் மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட். தலைகீழா இருக்கேன்னு நினைச்சேன். அப்புறம்தான் புரிந்தது, ரெண்டும் வேறு பாதை. 25 சென்ட் பாட்டில் இயந்திரத்துக்குள்ளேயே நசுக்கப்பட்டு மூலப்பொருளாகப் போகிறது, அது மறுசுழற்சி. கண்ணாடி பாட்டில் முழுசாகத் தொழிற்சாலைக்குப் போய், கழுவி, மறுபடி நிரம்பி வருகிறது. அப்படி 50 முறை வரைக்கும். அதுதான் மறுபயன்பாடு. மறுசுழற்சியும் மறுபயன்பாடும் ஒண்ணுன்னு குழப்பிக்காதீங்க.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது 1969-ல் குன்டர் குபெட்ஸ் வடிவமைத்த மினரல் வாட்டர் பாட்டில். 0.7 லிட்டர், கழுத்துப் பகுதியில் முத்து முத்தாகப் புள்ளிகள். மினரல் வாட்டர் நிறுவனங்கள் கூட்டுறவாகச் சேர்ந்து இதைப் பொதுப் பாட்டிலாக ஏற்றுக்கொண்டன. இதனால் என்ன லாபம்? தெற்கே நிரப்பிய பாட்டில் வடக்கே காலியானால், வடக்கே உள்ள நிறுவனமே அதைக் கழுவி நிரப்பிக்கொள்ளலாம். லாரி ஏற்றித் தெற்குக்கு அனுப்ப வேண்டியதில்லை. திரும்பி வரும் பாதை குறுகிப் போகிறது.

இதற்கு நேர்மாறாக, சில பீர் நிறுவனங்கள் தங்கள் பெயர் பொறித்த தனி பாட்டில் செய்கின்றன. பார்க்க அழகு. ஆனால் அது அந்தக் கம்பெனிக்கு மட்டும்தான் உதவும், பிரித்தெடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். நம்ம ஊர் கோலி சோடா நினைவிருக்கா? கடையிலேயே நின்னு குடிச்சுட்டு பாட்டிலை வெச்சுட்டு வருவோம். அங்கே திரும்பி வரும் பாதை கைநீட்டும் தூரம்தான்!

37 நொடியில் முடிந்த மறுபயன்பாடு

இதுவரை பார்த்ததெல்லாம் செலவுக் கணக்கு. ஆபத்துக் கணக்கு ஒன்றும் உண்டு. அதற்கு மறுபடி ராக்கெட்டுக்குப் போகணும், ஆனா இந்த முறை மறுபயன்பாடு ஆனது மென்பொருள்.

1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளம். ஐரோப்பாவின் புத்தம்புது ஏரியன் 5 முதல் முறையாகக் கிளம்பியது. சுமார் 37 நொடியில் திசை தவறி, அடுத்த சில நொடிகளில் வெடித்துச் சிதறியது. உள்ளே கிளஸ்டர் என்ற நாலு ஆய்வுச் செயற்கைக்கோள்கள்.

ராக்கெட் எந்தத் திசையில், எந்த வேகத்தில் போகிறது என்று கணிக்கும் கருவியின் மென்பொருளை முந்தைய ஏரியன் 4-லிருந்து அப்படியே எடுத்திருந்தார்கள். ஏரியன் 4-ல் நம்பகமாக ஓடிய கோடு. அதில் ஒரு இடத்தில், கிடைமட்ட வேகம் சார்ந்த ஒரு 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் வேலை. 16 பிட்டில் அடங்கும் அதிகபட்ச எண் 32,767. ஏரியன் 4-ன் பாதையில் அந்த மதிப்பு அந்த எல்லையைத் தொடவே தொடாது என்று கணக்கிட்டு, கணினியின் சுமையைக் குறைக்க அந்த இடத்தில் பாதுகாப்பு போடாமல் விட்டிருந்தார்கள். ஏரியன் 4-க்கு அது நியாயமான முடிவுதான்.

ஏரியன் 5 சக்தி கூடிய ராக்கெட், அதன் பாதையில் கிடைமட்ட வேகம் சீக்கிரமே ஏறும். எண் எல்லையைத் தாண்டியது. கருவி பிழை என்று நின்றது. மாற்றுக் கருவியும் அதே மென்பொருள், ஆகவே அதுவும் நின்றது. கருவி அனுப்பிய பிழைத் தகவலை முதன்மைக் கணினி பறப்புத் தகவல் என்று நினைத்து இன்ஜின் முனைகளை ஒரேயடியாகத் திருப்பியது. முடிந்தது கதை.

கொடுமை என்னவென்றால், அந்தக் கணக்கீடு கிளம்பிய பிறகு ஏரியன் 5-க்குத் தேவையே இல்லை. ஏரியன் 4-ல் இருந்தது, நல்லா ஓடுது, எதுக்குத் தொடணும் என்று விட்டுவைத்தார்கள். ஏரியன் 5-ன் உண்மையான பாதைத் தகவலைக் கொடுத்து அந்தக் கருவியைச் சோதிக்கவும் இல்லை. கோடு புதிய ராக்கெட்டுக்கு வந்துவிட்டது, ஆனால் பரிசோதனை மேஜைக்கு ஒருமுறை போய்விட்டு வரவில்லை.

பின்குறிப்பாக ஒரு நல்ல செய்தி. கிளஸ்டர் செயற்கைக்கோள்களை மறுபடி கட்டினார்கள். முதலாவதை மிச்சமிருந்த உதிரி பாகங்களைக் கொண்டே கட்டி, பீனிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 2000-ல் நாலும் விண்ணுக்குப் போயின. அந்த உதிரி பாகங்களும் மறுபயன்பாடுதான், சோதித்துச் செய்த மறுபயன்பாடு.

என் 32,767

இப்போ அந்த போன் காலுக்கு வர்றேன். 2017-ல் நான் ஒரு ஆய்வகத்துக்காக எழுதிய கோடு அது. மைக்ராஸ்கோப் கேமரா ஒரே இடத்தைப் பலமுறை படம் எடுக்கும், படங்களைக் கூட்டினால் மங்கலான ஒளியும் தெளிவாகத் தெரியும். அந்தக் கேமரா ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 4,095 வரை ஒரு எண் தரும். எங்கள் ஆய்வகத்தில் எப்போதும் எட்டுப் படம்தான். 8 × 4,095 = 32,760. கணினியில் நினைவகம் கம்மி. 16 பிட்டில் அடங்குமா என்று பார்த்தேன். எல்லை 32,767. ஏழு எண் மிச்சம்! என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டது இன்னும் ஞாபகம் இருக்கு.

அந்தத் தம்பி பதினாறு படம் கூட்டினார். உச்சம் 65,520. ஏரியன் மென்பொருள் எல்லை தாண்டியதும் பிழை என்று நின்றதே, என் கோடு அதைக்கூடச் செய்யாது. நம்பை வரிசையில் 16 பிட் எண் நிரம்பினால் பழைய ஸ்கூட்டர் மீட்டர் மாதிரி சத்தமில்லாமல் சுற்றி வந்துவிடும். ஆனா பூஜ்யத்துக்கு இல்லை, எதிர்மறை எண்ணுக்கு. 40,000 என்று வர வேண்டிய புள்ளி -25,536 ஆகிவிடும். அடுத்த வரியில் நான் இன்னொரு கெட்டிக்காரத்தனம் செய்திருந்தேன்: எதிர்மறை எண் வந்தால் இரைச்சல் என்று கருதிப் பூஜ்யமாக்கு.

விளைவு, செல்லின் மிகப் பிரகாசமான நடுப்பகுதி கறுப்பு ஓட்டை. சுற்றி, எல்லையைத் தாண்டாத பகுதி மட்டும் பளிச்சென்று வளையம். ஒன்றரை வருட உழைப்பில் அவர் கண்டுபிடித்தது உயிரியலை இல்லை, என்னோட சோம்பேறித்தனத்தை.

அன்னைக்கே ரெண்டு பேரும் திரையைப் பகிர்ந்து உட்கார்ந்தோம். 16-ஐ 32 ஆக மாற்றினோம், ஒரே ஒரு எண். மறுபடி ஓட்டினோம். வளையம் போச்சு. அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரிண்ணா, ஆய்வேடு கொடுக்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுதே" என்றார். அவருக்கு உதவித்தொகை இன்னும் எட்டு மாசம்தான் இருக்கு. நான் என்ன பதில் சொல்ல?

யோசித்துப் பார்த்தால் ஒரு விஷயம் உறைத்தது. பறந்து வந்த ராக்கெட் அடுக்கு கரி படிந்து திரும்பி வரும். கண்ணாடி பாட்டில் உரசி உரசி வெளுத்த வளையங்களோடு திரும்பி வரும். தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். கோடு போனால் திரும்பி வராது. யார் எடுத்தார்கள், எங்கே, எந்தத் தரவில் ஓட்டினார்கள், எங்கே உடைந்தது என்று எழுதியவருக்குத் தெரியவே தெரியாது. ஏழு வருஷத்துக்கு மேல் என் கோடு எங்கெங்கோ ஓடியிருக்கு, முதல் முறையா திரும்பி வந்தது அந்த போன் காலில்தான். அதுவும் அவர் நம்ம பாட்காஸ்ட் கேட்கிறவர் என்பதால் கூச்சப்படாமல் கூப்பிட்டார்.

என் ஒருத்தன் கதை இல்லை இது. 2019-ல் வெளிவந்த ஒரு ஆய்வு, கிட்ஹபிலிருந்து 14 லட்சம் ஜூபிட்டர் நோட்புக்குகளைத் திரட்டி ஆராய்ந்தது. ஓட்டிப் பார்த்தவற்றில் பிழையில்லாமல் ஓடி முடிந்தவை சுமார் 24%. பதிவாகியிருந்த அதே விடையைத் தந்தவை 4%. அத்தனையும் பொதுவெளியில் இருந்தவை. பொதுவில் போட்டால் மறுபயன்பாடு என்று நினைப்பது, துணிப்பையைக் கதவுக்குப் பின்னாடி மாட்டிவிட்டுச் சூழலைக் காப்பாத்திட்டேன்னு சொல்ற மாதிரி.

கோடுக்கு ஒரு திரும்பி வரும் பாதை

2022-ல் ஆராய்ச்சி மென்பொருளுக்கென்று சில பொதுக் கொள்கைகள் வெளியாயின. கண்டுபிடிக்க முடியணும், அணுக முடியணும், மற்றதோடு இணைந்து இயங்கணும், மறுபடி பயன்படணும். கடைசியில் இருப்பதுதான் கடினம். என் அடி வாங்கிய அனுபவத்திலிருந்து அஞ்சு கேள்வி தர்றேன். ஆராய்ச்சி, அலுவலகம் எதுவானாலும் பொருந்தும்.

1. இன்னொருத்தர் கணினியில் ஓடுமா? எந்தப் பைதான், எந்த நூலகம், எந்தப் பதிப்பு என்று ஒரு கோப்பில் எண்ணோடு எழுதுங்க. பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ல் முடிந்தபோது எத்தனையோ கோடுகள் அனாதை ஆயின.

2. உரிமம் இருக்கா? உரிமக் கோப்பு இல்லாத கோடை, பொதுவில் இருந்தாலும், மற்றவர் எடுத்தாள அனுமதி இல்லை என்றுதான் சட்டப்படி அர்த்தம். எம்ஐடி, ஜிபிஎல், அப்பாச்சி என ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்க. பொதுப் பாட்டில் மாதிரி, எல்லாருக்கும் தெரிந்த உரிமமாக இருந்தால் நல்லது.

3. எல்லை எங்கே எழுதியிருக்கு? "எட்டுப் படத்துக்கு மேல் கூடாது" என்று ரீட்மீயில் எழுதினால் யாரும் படிக்க மாட்டாங்க. கோடுக்குள்ளேயே எழுதணும்: எட்டைத் தாண்டினால் கத்திக்கொண்டு நில். ஒரே வரி. அந்த ஒரு வரியை நான் எழுதியிருந்தால் ஒருத்தரோட ஒன்றரை வருஷம் மிஞ்சியிருக்கும்.

4. விடை தெரிந்த சின்னத் தரவு கூட இருக்கா? எடுத்து ஓட்டினதும் இந்த விடை வரணும் என்று பார்க்க ஒரு மாதிரி. அதைவிட முக்கியம், எடுக்கிறவர் தன் தரவு மாறும்போது மறுபடி சோதிக்கணும். ஏரியன் 5-ல் விட்டுப்போனது இதுதான்.

5. உடைந்தால் யாரிடம் சொல்வது? ஒரு தொடர்பு முகவரி, பதிப்பு எண், மேற்கோள் காட்டும் விதம். ஜெனோடோ போன்ற தளத்தில் போட்டால் ஒவ்வொரு பதிப்புக்கும் நிரந்தர அடையாள எண் கிடைக்கும். எந்தப் பதிப்பை வைத்து எந்தக் கட்டுரை எழுதினாங்க என்று பின்னாடி தேட முடியும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எல்லாக் கோடுக்கும் இத்தனையும் செய்யாதீங்க. ஒரு வரைபடம் போட எழுதின இருபது வரியைப் பளபளப்பாக்க ரெண்டு வாரம் செலவழிச்சா, அது பதினஞ்சாவது துணிப்பை. ஃபால்கனின் மேல் அடுக்கு மாதிரி, சிலதை ஒருமுறைக்கு என்று முடிவு செய்வதில் தப்பில்லை. ஆனா கோப்பின் முதல் வரியிலேயே அதை எழுதிடுங்க: "இது ஒருமுறைப் பயன்பாட்டுக்கு. இன்ன கேமரா, இன்ன ஆண்டு." ஆபத்தானது நடுவில் இருக்கிறதுதான், ஒருமுறைக்கென்று எழுதிவிட்டு மறுபயன்பாட்டுக்கென்று வெளியே வைப்பது. நான் செய்தது அது.

அப்புறம் என்ன ஆச்சு

கோடைத் திருத்திப் புதிய பதிப்பு வெளியிட்டேன். முதல் வரியிலேயே பழைய பதிப்பில் என்ன தவறு, யாரைப் பாதிக்கும் என்று எழுதிவிட்டேன். அந்தக் கோடை மேற்கோள் காட்டிய கட்டுரைகளைத் தேடினேன், மூணு கிடைத்தது. மூணு பேருக்கும் எழுதினேன். எழுதும்போது வெட்கமாகத்தான் இருந்தது. ஒருத்தர் எட்டுப் படம்தான் கூட்டினேன், பிரச்சினை இல்லை என்று அன்றே பதில் போட்டார். இன்னொருத்தர் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். மூணாவது ஆளிடமிருந்து இன்னும் பதில் இல்லை.

தம்பி மூணாவது அத்தியாயத்தை மாற்றி எழுதுகிறார். வளையம் இல்லாத, எட்டும் பதினாறும் ஒத்துப்போகிற படங்களை வைத்து. வாரம் ஒரு மாலை நானும் கூட உட்காருகிறேன். அது கடனைத் தீர்த்துவிடாது, ஆனா செய்யாமல் இருக்க முடியவில்லை.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். நீங்க எழுதி வெளியே விட்ட ஏதாவது ஒன்றை, கோடோ, எக்செல் கோப்போ, அலுவலகத்தில் சுற்றுகிற டெம்ப்ளேட்டோ, இந்த வாரம் திறந்து பாருங்க. எந்த நிபந்தனையில் அது சரியாக ஓடும் என்று ஒரே ஒரு வரி அதுக்குள்ளேயே எழுதுங்க. கீழே உங்க பேரும் தொடர்பும். பத்து நிமிஷ வேலைதான். என்ன கண்டுபிடிச்சீங்கன்னு இந்தக் கடிதத்துக்கே பதில் போடுங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.

யாருடைய கோடையாவது எடுத்து ஓட்டிக்கிட்டிருந்தா, ஏதோ இடிக்குதுன்னு தோணினா, எழுதினவரைக் கூப்பிடுங்க. பெரிய ஆள், என்ன நினைப்பாரோன்னு தயங்காதீங்க. எனக்கு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அழைப்பு மாதிரி, அவருக்கும் அது உதவியாத்தான் இருக்கும்.

அடுத்த வாரம் சந்திப்போம்.